உங்கப்பனின் பட்டறை

அன்புள்ள மலர்,

உங்கப்பன் ஓய்வு பெற்றதும் வீட்டிலேயே சின்னதாக ஒரு கடைசல் பட்டறை போட்டுக் கொடுக்க வேண்டும், எந்த லேத் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம் கண்ணு. லேத்தைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்று. ஃபேக்டரியில் அவன் மெஷினில் நின்றபோது பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பார். கரண்ட் வேலைக்கு ஓர் ஆள், டூல் தீட்ட ஓர் ஆள், எண்ணெய் விட, கூட்டிப் பெருக்க, பாரம் தூக்க என்று தனித்தனி ஆட்கள். வீட்டில் அத்தனை பேரும் அவன் ஒருவன்தான். அறுபதைத் தாண்டிய ஒருவர் தன் கையால் பேணக்கூடிய அளவு எதுவோ, அதுதான் பட்டறையின் அளவு. மற்ற எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

நம்மூரில் லேத்தை அடிக்கணக்கில் விற்பார்கள். நாலரை அடி போதும். கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஆறடியே கிடைக்குமே என்பார்கள், கேட்காதே. லேத் பெரிதானால், வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் சக்கும் பெரிதாகும். 200 மி.மீ. சக் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். குனிந்தபடி அதைக் கழற்றி மாட்ட இன்றைக்கு அவனால் முடியும், எழுபது வயதில் இடுப்பு ஒத்துழைக்காது. சின்ன லேத்தானாலும், சக் இறங்கி உட்காரும்படி, லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டின் மேல் வைக்க மரத்தில் ஒரு தாங்கி செய்துவிடுங்கள். விரலும் தப்பும், பெட்டும் தப்பும்.

ராஜ்கோட்டிலிருந்தும் பட்டாலாவிலிருந்தும் புது லேத் வருகிறது. கோவையைச் சுற்றி மூடப்பட்ட மில்களிலும் பட்டறைகளிலும் இருந்து பழையது கிடைக்கும். நல்ல பழைய லேத்தான் என் விருப்பம், ஆனால் புதுப் பெயிண்ட்டைப் பார்த்து வாங்கக் கூடாது. வேலையெல்லாம் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் பெட் அங்கேதான் அதிகம் தேயும். டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சாடிலை அந்த இடத்தில் வைத்து, ஆட்டமே இல்லாதபடி இறுக்கு. பிறகு மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டு. போகப் போக இறுகி, பாதியில் நின்றுவிட்டால் பெட் தேய்ந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடு.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தானே என்று கவலைப்பட்டிருந்தாய். 1 அல்லது 2 ஹெச்.பி. மோட்டாருக்கு ஒரு வி.எஃப்.டி. போதும். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும். 415 வோல்ட்டுக்காக ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டியிருக்கும், அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது லேத் தானாக ஓடத் தொடங்கவே கூடாது. பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் இதில் சமரசமே கிடையாது.

இனி துரு. வீட்டுப் பட்டறைக்குப் பெரிய எதிரி அதுதான். ஃபேக்டரி லேத் நாள் முழுக்க ஓடும், மேலே எண்ணெய் காயாது. வீட்டு லேத் சில சமயம் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். ஐப்பசி மழையில் நான்கு நாள் போதும், பெட்டில் செம்மை படர்ந்துவிடும். வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் கைரேகை அப்படியே துருவாகப் பதியும். ஆகவே வேலை முடிந்ததும் இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, 68ஆம் நம்பர் ஸ்லைடுவே ஆயிலை மெல்லியதாகப் பூசிவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு பொடியை ஸ்லைடுக்குள் ஏற்றிவிடக் கூடாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மார்கழிக் காலையில் உறைந்துவிடும், நாளானால் காறி, அதன் அமிலமே இரும்பை அரிக்கும்.

கார் ஷெட்டில்தான் போடப் போகிறீர்கள் என்றால் அங்கே வேறென்ன இருக்கிறது என்று பார். கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில், மூடியே இருந்தாலும், அதிலிருந்து கசியும் ஆவி அந்த அறையில் உள்ள அரம், ட்ரில்பிட், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் துருவேற்றும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். இரண்டையும் வெளியேற்று. கிரைண்டரை லேத்திலிருந்து எட்டி வை. சாணைப்பொடி பெட்டில் விழுந்தால் எண்ணெயோடு கலந்து அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

தரையில் உட்காரவைத்த அன்றே லேத் நேராகிவிடாது. நான்கு காலில் ஒன்று சற்றே இறங்கினாலும் பெட் முறுக்கிக்கொள்ளும், கடைவதெல்லாம் கூம்பாக வரும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டம் வேண்டும், இரவல் வாங்கிக்கொள்ளலாம். பிறகு கடைந்தும் சரிபார்க்கலாம். தடித்த கம்பி ஒன்றை டெயில்ஸ்டாக் இல்லாமல் சக்கில் பிடித்து, 120 மி.மீ. நீட்டி, நடுவைக் குறைத்து இரு முனையிலும் வளையம் போல விட்டு, இரண்டையும் ஒரே செட்டிங்கில் மெல்லியதாகக் கடைய வேண்டும். ஆறவிட்டு அளக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் பெரிதாகக் காட்டும். இரண்டும் ஒரே அளவு வரும்வரை டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால்களுக்கு அடியில் தகடு வைத்துத் திருத்த வேண்டும். தரை இறங்கக் கூடும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை.

சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். நொடிக்கு 100 முறை மினுக்கும் அந்த வெளிச்சத்தில், சில வேகங்களில் ஓடுகிற சக் நிற்பது போலத் தெரியும். டூலுக்கு நேராக நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்று தேவை, அவன் கண்ணுக்கும் அது உதவும். வீட்டில் இருக்கிறோம் என்று வேட்டி துண்டோடு லேத்தில் நிற்கக் கூடாது, கையுறையும் கூடாது. நீ நிற்கும்போது துப்பட்டாவைக் கழற்றிவிட்டுப் பின்னலை உள்ளே செருகிக்கொள். சக் சாவியிலிருந்து கையை எடுக்கும் முன் சக்கிலிருந்து சாவியை எடுத்திருக்க வேண்டும். வீட்டில் யாருமில்லாத நேரம் லேத் ஓட வேண்டாம். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று உன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

லேத் அமையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கனமான மேசை, நல்ல வைஸ், மூன்று அரம் இப்போதே வாங்கலாம். வைஸின் தாடை அவன் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும், இன்றிரவே அளந்து வை. லேத் பார்க்கப் போகும் நாளை முன்கூட்டிச் சொல். டயல் கேஜை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன், ஸ்பிண்டில் ஆட்டத்தை அங்கேயே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா