கூரை திறந்த காரும் பெட்டியின் பலமும்

மூடி ஒட்டிய செருப்புப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், லேசில் அசையாது. மூடியை வெட்டியெடுத்தால் துவண்டுவிடும். பழைய திறந்த கூரை வேகக் கார்களின் தொல்லையும் இதுதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முன்கண்ணாடி அதிரும், கதவு இடுக்கு மாறும். வேகத்துக்கென்று கடினமான ஸ்பிரிங் போட்டால் காரின் உடலே ஸ்பிரிங்காகிவிடும்!

1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டிகளில் கூரை, பக்கச்சுவர், அடிச்சட்டம் மூன்றும் சேர்ந்தே பாரம் தாங்கும். கூரை இல்லாத காரில் அந்தப் பாரம் முழுவதும் தரைப்பகுதிக்கும், கதவுக்குக் கீழுள்ள நீளப் பெட்டிச் சட்டத்துக்கும் வருகிறது. 1962-இல் வந்த லோட்டஸ் எலான் காரில் நடுவே முதுகெலும்புபோல எஃகுச் சட்டம் வைத்தார்கள், மேலுடல் கண்ணாடியிழைதான். நல்ல யோசனை.

கேம்பல் பே உப்புக்காற்றில் துருப்பிடிப்பது முதலில் அந்தக் கீழ்ச்சட்டம்தான். வாங்குமுன் ஒரு மூலையை ஜாக்கியால் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சிக்கினால் விலை பேசாதீர்கள்.