நிகழ்வெண் பட்டியலும் மூல விவரங்களும்

சிதறிக் கிடக்கும் விவரங்களைத் தொகுத்து நிகழ்வெண் பட்டியல் அமைப்பது புள்ளியியலின் முதற்பாடம். கணிப்பொறியில் ஆய்வு செய்வோர்க்கு இதன் மறுதலையும் வேண்டப்படுகின்றது. ஆளுக்கொரு வரியாக விவரங்களை எதிர்பார்க்கும் நிரல்கள் பல. நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் பட்டியல் மட்டுமே. பட்டியலை மூல விவரங்களாக விரிக்கும் முறையையும் அதன் எல்லையையும் ஓர் எடுத்துக்காட்டின் வழி காண்போம்.

அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு பட்டமேற்படிப்புக்கு நிகழ்ந்த மாணவர் சேர்க்கையைப் பிக்கல், ஹாமல், ஓ'கானல் ஆகியோர் ஆராய்ந்து 1975இல் கட்டுரை வெளியிட்டனர். அச்சேர்க்கையில் ஆறு பெரிய துறைகளுக்குரிய பட்டியல் 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழியுடன் இணைத்தே வழங்கப்படுகின்றது. சேர்க்கை முடிவு, பால், துறை ஆகிய மூன்று கூறுகள், 24 கட்டங்கள், 4526 விண்ணப்பதாரர்.

விரிக்கும் முறை எளிது. முதலில் பட்டியலை 24 வரிகளாக மாற்றுகிறோம். ஒவ்வொரு வரியிலும் மூன்று கூறுகளும் நிகழ்வெண்ணும் நிற்கும். அடுத்து, 'ரெப்' என்னும் சார்பினால் ஒவ்வொரு வரியெண்ணையும் அதன் நிகழ்வெண் அளவுக்குத் திரும்ப எழுதச் செய்கிறோம். 'அ' துறையில் இடம்பெற்ற ஆண்கள் 512 பேர். ஆகவே அவ்வரி 512 முறை வரும். பின்னர் நிகழ்வெண் நிரலை நீக்கிவிட வேண்டும். இறுதியில் 4526 வரிகள் உள்ளனவா எனச் சரிபார்த்து, அவற்றை மீண்டும் பட்டியலாக்கி, பழைய பட்டியலோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

இனி எல்லையைக் காண்போம். துறையை விடுத்து, பால், முடிவு இரண்டை மட்டும் கொண்ட பட்டியலை விரித்தாலும் 4526 வரிகளே கிடைக்கும். அதன்படி 2691 ஆண்களில் 1198 பேர், அதாவது நூற்றுக்கு 44.5 பேர் இடம் பெற்றனர். 1835 பெண்களில் 557 பேர், அதாவது நூற்றுக்கு 30.4 பேரே இடம் பெற்றனர். பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்றே எவரும் தீர்ப்பளிப்பர்.

துறையைச் சேர்த்துப் பார்த்தால் தோற்றம் மாறுகின்றது. 'அ' துறையில் ஆண்களுள் நூற்றுக்கு 62 பேரும் பெண்களுள் 82 பேரும் இடம் பெற்றனர். எளிதில் இடம் கிடைத்த முதலிரு துறைகளுக்கு விண்ணப்பித்த ஆண்கள் 1385 பேர். பெண்களோ 133 பேர் மட்டுமே. எஞ்சிய பெண்கள் அனைவரும் இடம் அரிதாகிய துறைகளையே நாடினர். மொத்த விழுக்காட்டின் வேறுபாடு பெரும்பாலும் இதனால் விளைந்ததே. இத்தகைய முரண் 'சிம்சன் முரண்' எனப்படும்.

துறையை இழந்த பட்டியலை எத்தனை ஆயிரம் வரிகளாக விரித்தாலும் துறை திரும்ப வாராது. பட்டியலில் இருந்ததையே நிரல் தரும். தொகுத்தவர் விட்டதை அது தருவதில்லை. வரிகளின் பெருக்கம் அறிவின் பெருக்கமன்று. ஆதலின் விரிக்குமுன், எக்கூறு விடுபட்டுள்ளது என வினவுவதும், நாம் பட்டியல் தொகுக்கும்போது மூலத்தைப் பேணிக் காப்பதும் மாணவர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளாகும். ஒருவர்மீது பழி சுமத்துவதற்கோ ஒருவரைப் பழியினின்று விடுவிப்பதற்கோ எண்களைச் சான்றாக்கும் எவரும் இவற்றை மறத்தலாகாது.