குரங்குப் பிடி

பற்றியதை விடாதவரைக் 'குரங்குப் பிடி' என்று சொல்வது நம் வழக்கம். பெரும்பாலும் வசையாகவே சொல்கிறோம். ஆனால் பிறந்த நாளிலேயே தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு மரத்துக்கு மரம் கூடவே செல்லும் குட்டிக்கு அந்தப் பிடிதான் உயிர். நம் வீட்டுக் கைக்குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அதுவும் இறுகப் பற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். குழந்தை எதை நாடிப் பற்றுகிறது, பற்ற ஒன்றுமில்லாதபோது அதற்கு என்ன நேர்கிறது என்ற கேள்விகளுக்கு விஞ்ஞானிகள் குரங்குகளிடம் விடை தேடினர். அந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக் குரங்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்னும் உளவியல் அறிஞர் 1950-களில் ரீசஸ் எனப்படும் செம்முகக் குரங்குகளை வைத்து ஆராய்ந்து வந்தார். இவை வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுபவை. இங்கிருந்து சென்ற குரங்குகள் நோயோடு வந்திறங்கியதால், அவர் தம் கூடத்திலேயே குட்டிகளைப் பிறப்பித்து, நோய் தொற்றாதிருக்கத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். குட்டிகள் நன்றாகவே வளர்ந்தன. ஆயினும் கூண்டின் தரையில் விரித்திருந்த துணியைக் கட்டிக்கொண்டே கிடந்தன. சுத்தம் செய்ய அதை எடுத்தால் அலறின.

இதைக் கண்ட ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பியாலானது. மற்றது மெத்தென்ற துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் பால் புட்டியைப் பொருத்தினார். குட்டிகள் பசித்தபோது அதனிடம் சென்று குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணித் தாயின்மேல் ஒட்டிக்கிடந்தன. அச்சமூட்டும் பொம்மைக் கரடியை விட்டபோதும் துணித் தாயிடமே ஓடின. பால் கொடுப்பவரிடம் குழந்தை பாசம் வைக்கிறது என்றுதான் அதுவரை பல அறிஞர்கள் எண்ணியிருந்தனர். 1958-இல் வெளியான இம்முடிவு அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது.

துணித் தாயும் போதவில்லை என்பது பிறகே தெரிந்தது. அதனிடம் வளர்ந்தவை மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் திகைத்தன. அவ்வாறு வளர்ந்து தாயானவற்றுள் பல தம் குட்டியைத் திரும்பியும் பாரா. சில அதனைத் துன்புறுத்தவும் செய்தன. பிற்காலத்தில் ஹார்லோ குட்டிகளை மாதக்கணக்கில் தனிமைச் சிறையில் அடைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி விரிவாக எழுத நமக்கு மனம் வரவில்லை. அறிவு வளர்ந்தது உண்மை. அதற்குரிய விலையை அந்த வாயில்லா ஜீவன்கள் கொடுத்தன என்பதும் உண்மை. மருத்துவத்துக்கும் மருந்துத் தயாரிப்புக்கும் ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்து வந்த நம் நாடு, 1978-இல் அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது.

ஹார்லோவின் கம்பித் தாயைச் சாட்சிக்கு அழைத்து, வேலைக்குச் செல்லும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் தென்னாட்டுக் குரங்கின் கதையையும் கேட்க வேண்டும்.

சோளிங்கர் மலைப்படிகளிலும் கிண்டி வனத்திலும் நாம் காண்பவை ரீசஸ் அல்ல. தலைமயிர் வகிடெடுத்துத் தொப்பிபோல் படர்ந்திருக்கும் இந்த நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கே உரியது. இவ்வினத்தையும் தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்கையும் 1960-களில் நியூயார்க் நகரில் ராசன்ப்ளம், காஃப்மன் என்னும் இருவர் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பன்றிவால் தாய்கள் தனித்தனியே அமர்பவை; தம் குட்டியைப் பிறர் தொட விடுவதில்லை. நம் மந்திகளோ தோளோடு தோள் உரசிக் கூட்டமாக அமர்பவை. அடுத்தவள் குட்டியைத் தொடுவதும் அணைப்பதும் அவற்றுக்குள் இயல்பு.

இரண்டு இனத்திலும் தாயை மட்டும் கூட்டத்திலிருந்து அகற்றினர். பன்றிவால் குட்டிகள் முதலில் கதறித் தேடின. பின் அவற்றுள் பெரும்பாலானவை முதுகு கூனி, தலை கவிழ்ந்து, விளையாட்டை மறந்து மூலையில் ஒடுங்கின. நம் நாட்டுக் குட்டிகளும் கதறின. ஆனால் மற்ற மந்திகள் அவற்றை மடியில் ஏற்றுக்கொண்டதால், அந்தப் பெருந்துயரம் அவற்றைப் பிடிக்கவில்லை. அந்த மடிகள் அன்று புதிதாக வந்தவை அல்ல, தாய் இருந்தபோதே குட்டி அறிந்து பழகியவை. நம் கருத்தில் இந்த ஆராய்ச்சியின் சாரமே இதுதான்.

ராசன்ப்ளம் 1984-இல் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வும் நம் நாட்டுக் குரங்கைப் பற்றியதே. இம்முறை தாய் பிரிக்கப்படவில்லை. அவள் இரை தேடும் பாடு மட்டும் மாற்றப்பட்டது. ஒரு கூட்டத்துக்கு உணவு எளிதில் கிடைத்தது. இன்னொரு கூட்டம் எப்போதும் தேடி உழைத்தே உண்டது. மூன்றாவதற்கு இரண்டு வாரம் எளிது, இரண்டு வாரம் கடினம் என்று மாறி மாறி வந்தது. எந்தக் கூட்டத்தின் குட்டிகள் அதிகம் வாடியிருக்கும்? எப்போதும் உழைத்த தாய்களின் குட்டிகள் என்றே நாம் சொல்லியிருப்போம். அப்படியில்லை. மூன்றாவது கூட்டத்தில்தான் தாய்களுக்குள் சண்டை மிகுந்தது. குட்டிகள் அஞ்சித் தாயை விடாமல் பற்றின, குறைவாக விளையாடின. கடின உழைப்பைவிட, நாளை எப்படியிருக்கும் என்று தெரியாத நிலைதான் தாயையும் சேயையும் அதிகம் கலைத்தது.

குரங்கு மனிதன் ஆகாது. அதன் குட்டி சில மாதங்களில் எட்டும் நிலையை நம் குழந்தை எட்ட ஆண்டுகள் ஆகும். எனினும் ருமேனியா நாட்டில் அனாதை விடுதிக் குழந்தைகள் சிலரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, 2000-ஆம் ஆண்டு முதல் கவனித்து வந்தவர்களும் இதை ஒத்த ஒன்றையே கண்டனர். உணவும் உடையும் இருந்தும், தமக்கென்று ஒருவர் இல்லாத குழந்தைகள் பின்தங்கினர். இரண்டு வயதுக்குள் குடும்பத்தில் சேர்ந்தவர்களில் பலர் தம்மை வளர்த்தவரிடம் பாதுகாப்பான பிணைப்பைப் பெற்றனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் தோன்றியது முதல் இப்பகுதியில் எத்தனையோ தாய்மார் ஷிப்டுக்குப் போய் வருகிறார்கள். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அவசர ஆர்டர் வந்தால் ஓவர்டைம் என்று இருக்கும் வீட்டில், அம்மா எப்போது வருவாள் என்பது குழந்தைக்கு மட்டுமன்று, அம்மாவுக்கே தெரியாது. அந்த மூன்றாவது கூட்டத்தின் நினைவு நமக்கு வராமல் இல்லை. 2017-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று பார்க்கலாம் என்றும் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 20 பேரும் 30 பேரும் வேலை செய்யும் சிறு பட்டறைகளை அது எட்டவில்லை. அங்கன்வாடியில் சேர்க்கலாம் என்றால் அதற்குக் குழந்தை இரண்டு வயதைத் தாண்ட வேண்டும். ஆகவே, இறுகப் பற்றிக்கொள்ளும் அந்த முதல் இரண்டாண்டுகளில், தாய் ஷிப்டு முடிந்து திரும்பும் வரை குழந்தை பாட்டியின் இடுப்பிலோ அடுத்த வீட்டு அத்தையின் இடுப்பிலோ இருக்கிறது. விடுப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்த அத்தையிடம் குழந்தையைக் கொடுத்துப் பழக்கும் தாய்மாரை நம் தெருக்களில் பார்க்கிறோம்.