280 நாள் கணக்கு

என் தோழி உடையார்கட்டைச் சேர்ந்தவள். 2009 புரட்டாதியில் பிறந்தவள். அவ்வாண்டு மாசியில், போரின் நடுவே, அவளுடைய அப்பா காணாமற்போனார். அண்மையில் காணிப் பங்கு பேசும்போது உறவினர் ஒருவர், "நீ அவருடைய பிள்ளை எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டாராம். விடை தேடிச் சட்ட நூலைப் புரட்டினேன்.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 112ஆம் பிரிவு: செல்லுபடியான திருமணம் நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே. திருமணம் முடிவுற்றபின், தாய் மறுமணம் செய்யாதிருக்க, 280 நாட்களுக்குள் பிறந்தாலும் அப்படியே. மறுப்பவர்தான், கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பிருக்கவில்லை என்றோ, கணவன் ஆண்மையற்றவர் என்றோ காட்டவேண்டும். நிரூபிக்கும் சுமை பிள்ளையின் தலையில் இல்லை.

திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு இந்த ஊகம் கிடையாது. தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் ஏறும். தந்தை மறுத்தால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். இருவரும் முஸ்லிம்களாயின் காதி நீதிமன்றத்தை நாடவேண்டும்.

தோழியின் தாய் மறுமணம் செய்யவில்லை. இடம்பெயர்வு முழுவதும் திருமணச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்திருக்கிறார். அப்பா மாசியிலேயே இறந்தார் என்று கொண்டாலும், புரட்டாதி வரை 280 நாட்கள் ஆகவில்லை. இக்கணக்கை எழுதிக் கொடுத்தேன். தாளைக் கவனமாக மடித்து, தாயிடம் கொண்டுபோனாள்.