மக்காச்சோளத்திற்குத் தாய்வழி வந்த தீங்கு

மக்காச்சோளக் கதிரை உரிக்கும்போது, மணிகளின் மேல் பட்டு நூல் போன்ற இழைகள் கற்றையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் நார் அல்ல. ஒவ்வோர் இழையும் ஒரு சூல் தண்டு. இழையின் மேல் ஒரு மகரந்தத் தூள் விழுந்து முளைத்தால்தான் அதன் அடியில் ஒரு மணி பிடிக்கும். அந்த மகரந்தம் செடியின் உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்திலிருந்து வருகிறது. பெண் மலர்கள் தண்டின் நடுவிலும் ஆண் மலர்கள் உச்சியிலும் தனித்தனியே இருப்பதால், நாம் விரும்பும் இரண்டு செடிகளை இணைப்பது மக்காச்சோளத்தில் எளிது. வீரிய ஒட்டு விதை பிறந்தது இந்த வசதியால்தான். அதே விதை 1970ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயிகளுக்குப் பெரும் நஷ்டத்தையும் தந்தது. அது ஏன் என்று காண்போம்.

மெலிந்த பெற்றோர், வலுத்த பிள்ளை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஷல் என்னும் விஞ்ஞானி மக்காச்சோளத்தை ஆராய்ந்தார். ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் இழைகளில் தூவி, கிடைத்த விதையை விதைத்து, மீண்டும் அவ்வாறே செய்துவந்தார். தலைமுறைக்குத் தலைமுறை செடிகள் மெலிந்தன, கதிர்கள் சிறுத்தன. ஆனால் ஒரு குடும்பத்துச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே ஆயின. இத்தகைய மெலிந்த இரண்டு குடும்பங்களை ஒன்றோடொன்று கலந்தபோது, பிறந்த செடிகள் ஓங்கி வளர்ந்து பெரிய கதிர் ஈன்றன. தம் முடிவுகளை அவர் 1908இல் வெளியிட்டார்.

இதன் காரணத்தை மெண்டல் விதிகளைக் கொண்டு அறியலாம். ஒரு பண்புக்குரிய ஜீன்கள் இரண்டு இரண்டாக அமைந்துள்ளன; ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. தீங்கு செய்யும் ஜீன்கள் பெரும்பாலும் ஒடுங்கியவை. இணையில் நல்ல ஜீன் ஒன்று இருந்தால் தீய ஜீனின் செயல் வெளிப்படாது. தன் மகரந்தச் சேர்க்கை தொடர்ந்தால் இணைகள் ஒரே மாதிரி ஆகிவிடும். தீய ஜீன்கள் இரண்டு சேர்ந்து செடியை மெலியச் செய்யும். ஒரு குடும்பத்தின் குறை ஓரிடத்தில், மற்றதன் குறை வேறிடத்தில். இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுகிறது. கலப்பு வீரியத்திற்கு இது முக்கியமான காரணம்.

விதையை எடுத்துவைத்தால் என்ன?

ஒட்டுச் செடியின் மணிகளையே அடுத்த ஆண்டு விதைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு நாணயங்களைக் கொண்டு இதற்கு விடை காணலாம். தலை நல்ல ஜீன், பூ தீய ஜீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுச் செடியில் இணை ‘தலை, பூ’. அடுத்த தலைமுறைக்கு ஆண் வழியாக ஒன்றும் பெண் வழியாக ஒன்றும் செல்கின்றன. இரண்டு நாணயங்களையும் சேர்த்து 40 முறை சுண்டிப் பாருங்கள். ஏறக்குறைய பாதி முறைதான் தலையும் பூவும் கலந்து வரும். கால் பங்கு இரண்டும் பூவாக விழும். ஆகவே ஒரே தலைமுறையில் கலப்பு இணைகள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. தனித்தனியே செயல்படும் பத்து இணைகளை எடுத்துக்கொண்டால், பத்தும் கலப்பாகவே அமையும் செடி 1024க்கு ஒன்றுதான். வயலில் நெட்டையும் குட்டையுமாகச் செடிகள் தோன்றும், விளைச்சல் குறையும். எனவே விவசாயி ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டியவராகிறார்.

பூங்கொத்தைக் கிள்ளும் வேலை

அவ்வளவு விதையையும் உண்டாக்குவது எப்படி? தாய்க் குடும்பத்தையும் தந்தைக் குடும்பத்தையும் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் விதைப்பார்கள். தாய் வரிசைச் செடிகள் மகரந்தம் உதிர்க்கும் முன்பே அவற்றின் ஆண் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது. கோடை விடுமுறையில் உங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் அங்கே இந்த வேலையைச் செய்து கூலி பெற்றனர். விதை நிறுவனங்களுக்கோ இது பெருஞ்செலவு.

இந்நிலையில், மகரந்தமே உண்டாக்காத ஒருவகை மக்காச்சோளம் டெக்சாஸ் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1952இல் அதைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. இந்த ஆண் மலட்டுத் தன்மை உட்கருவில் உள்ள குரோமோசோம்களால் வந்ததன்று, சைட்டோபிளாசத்தால் வந்தது. அந்த சைட்டோபிளாசத்திற்கு ‘டி’ என்று பெயரிட்டனர்.

இங்கே ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். உட்கருவின் ஜீன்களில் பாதி தாயும் பாதி தந்தையும் தருகின்றனர். ஆனால் சைட்டோபிளாசமும் அதில் மிதக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் மக்காச்சோளத்தில் தாயின் முட்டை வழியாகவே வருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனியே டி.என்.ஏ. உண்டு. ஆதலால் ‘டி’ தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ‘டி’ சைட்டோபிளாசமே பெறும். அவை விவசாயியின் வயலில் மலடாக நின்றால் மணி பிடிக்காதே? அதற்கும் வழி இருந்தது. மலட்டுத் தன்மையை அடக்கும் மீட்பு ஜீன்களை உட்கருவில் கொண்ட தந்தையைத் தேர்ந்தெடுத்தனர். கிள்ளும் செலவு மிச்சமாயிற்று. 1970இல் அமெரிக்க வயல்களில் ஏறக்குறைய 85 சதவீத மக்காச்சோளம் இந்த ஒரே சைட்டோபிளாசத்தைக் கொண்டிருந்தது.

1970ஆம் ஆண்டின் நோய்

‘டி’ செடிகள் ஒருவகை இலைக் கருகல் நோய்க்கு எளிதில் இரையாகின்றன என்று பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 1961இலேயே எழுதினார்கள். அது அந்நாட்டுச் சூழலுக்கு மட்டும் உரியது என்று கருதப்பட்டுவிட்டது. 1970இல் அந்நோய்ப் பூசணத்தின் புதிய வகை ஒன்று புளோரிடாவில் தொடங்கி வடக்கே பரவியது. மழையும் வெப்பமும் அதற்குத் துணையாயின. காற்றில் பறந்த வித்துகள் எந்த வயலில் விழுந்தாலும் அங்கே தமக்கேற்ற செடியைக் கண்டன. அமெரிக்க மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது. 1969இல் ஏக்கருக்குச் சராசரி 86 புஷல் கிடைத்தது. 1970இல் 72 புஷல்தான். ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறக்குறைய 25 கிலோ. நஷ்டம் சுமார் நூறு கோடி டாலர் என மதிப்பிட்டனர்.

காரணம் 1980களில் தெளிவாயிற்று. ‘டி’ மைட்டோகாண்ட்ரியாவில், டி.என்.ஏ. துண்டுகள் இடம் மாறி இணைந்ததால் ஒரு புதிய ஜீன் உருவாகியிருந்தது. அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் தங்குகிறது. மகரந்தத்திற்கு ஊட்டம் தரும் திசு அழிவதும் அதனாலேயே. பூசணம் சுரக்கும் நச்சு இப்புரதத்தைப் பற்றியதும் சவ்வில் துளைகள் திறக்கின்றன. செல் ஆற்றல் இழந்து மடிகிறது. செலவைக் குறைத்த புரதமே நோய்க்குக் கதவாகவும் அமைந்தது. மீட்பு ஜீன்கள் மகரந்தத்தைத் தந்தன, நோயிலிருந்து காக்கவில்லை.

விதை நிறுவனங்கள் விரைந்து செயல்பட்டன. குளிர்காலத்திலேயே ஹவாய் முதலிய வெப்பமான இடங்களில் சாதாரண சைட்டோபிளாச விதையைப் பெருக்கின. மாணவர்கள் மீண்டும் பூங்கொத்து கிள்ள வந்தனர். இரண்டொரு ஆண்டுகளில் ஆபத்து நீங்கியது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெற்றோர் வேறுபட்டிருந்ததால் ஒட்டுச் செடிக்கு வலிமை வந்தது. வயல்கள் வேறுபடாமல் போனதால் பயிருக்குக் கேடு வந்தது. விதைக் கடைப் பைகளில் பெயர்கள் பல இருந்தன. தாய்வழி மரபு மட்டும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே ஒரு பயிரில் எத்தனை ரகங்கள் உள்ளன என்று கேட்டால் போதாது. அவை எந்தத் தாயின் வழி வந்தவை என்றும் கேட்க வேண்டும்.

சிந்திக்க

1. சாதாரணத் தாய்க்கு ‘டி’ சைட்டோபிளாசம் கொண்ட, மீட்பு ஜீன்கள் உள்ள தந்தையின் மகரந்தத்தைத் தூவினால், பிறக்கும் செடியை அந்நோய் அதே அளவில் தாக்குமா?

2. தனித்தனியே செயல்படும் ஐந்து இணைகளும் கலப்பாக உள்ள ஒட்டுச் செடியின் மணிகளை விதைத்தால், ஐந்தும் கலப்பாக அமையும் செடிகள் எத்தனையில் ஒன்று?

விடைகள்: 1. தாக்காது, சைட்டோபிளாசம் தாயினுடையது. 2. 32இல் ஒன்று.