மலை உச்சிச் சாலையில் சைக்கிள் பயணம்

மணாலி முதல் லே வரை மலைச்சாலை சுமார் 430 கிலோமீட்டர். வழியிலுள்ள தங்லங் லா கணவாயின் உயரம் 5300 மீட்டருக்கு மேல். அங்கே குழுவாகச் சைக்கிளில் செல்ல நாம் எதைத் தயார் செய்ய வேண்டும்? பிரேக், டியூப் எல்லாம் எளிது, உடல்தான் கடினம். 5000 மீட்டரில் காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிறது. மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகிறது. ஆகவே 3000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மிகாமல் மெல்ல ஏறுவோம். தலைவலியும் குமட்டலும் கண்டால் ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். தோழியருக்குத் தாமதமாகுமே என்று ஒருத்தி அதை மறைத்து (நம்மில் பலருக்கு இது வழக்கம்தானே!) மேலே ஏறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் காலையில் ஒவ்வொருவரும் உடல்நிலையைச் சொன்ன பின்பே புறப்படுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். ஒருத்திக்கு வலித்தால் அன்று அனைவரும் அங்கேயே தங்குவோம்.