புரட்டாசியில் சாமைக் காடு: பின்பருவப் பூச்சிகளும் செய்ய வேண்டிய வேலைகளும்

ஜவ்வாது மலையில் ஆனி, ஆடி மாதங்களில் விதைத்த சாமை புரட்டாசியில் கதிர் தள்ளி நிற்கும். விதைப்பும் களையெடுப்பும் முடிந்தபடியால், இனி அறுப்புக்குக் காத்திருப்பதே வேலை என்று குடியானவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. வருஷம் முழுவதும் உண்ணும் தானியமும், அடுத்த ஆனியில் தூவ வேண்டிய விதையும் இம்மாதக் கவனத்தைப் பொறுத்தவை. விதை கெட்டவன் விதைப்புக் காலத்தில் கடன்காரனாகிறான். பின்பருவப் பூச்சிகளுக்கு மருந்தைவிட வேலையே நல்ல பரிகாரம் என்பதை இப்பாடத்தில் விளக்குவோம்.

1. குருத்து ஈ: இது வீட்டு ஈயைவிடச் சிறியது, சாம்பல் நிறமுள்ளது. இளம்பயிரின் இலைக்கு அடிப்புறத்தில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு தண்டுக்குள் புகுந்து நடுக்குருத்தைத் தின்னும். காய்ந்த குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். பயிர் பக்கத் தூர்களை விட்டுப் பிழைத்தாலும், அத்தூர்கள் பிந்தியே கதிர்விடும். கதிர் வந்தபின் இச்சேதத்திற்கு மருந்தில்லை. ஆனால் பாடம் உண்டு. காட்டைச் சுற்றிவந்து, முந்தி விதைத்த இடத்தையும் பிந்தி விதைத்த இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிந்தியதிலேயே சேதம் மிகுதியாயிருக்கும். வரும் வருஷம் மழை தொடங்கியவுடன் ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதையை விதைக்க வேண்டும். பயிருக்கு 30 நாள் ஆகும்வரை, ஏக்கருக்கு ஐந்து வீதம் கருவாட்டுப் பொறி வைப்பதும் நன்மை தரும்.

2. கதிர் நாவாய்ப்பூச்சி: பால்பிடிக்கும் மணியில் இது சாற்றை உறிஞ்சுவதால் மணி பதராகும். வரப்புப் புல்லே இதன் இருப்பிடம். ஆகவே புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். கதிர் பால்பிடித்தபின் நஞ்சு தெளிப்பது தகாது. அது தானியத்திலும், மாடு தின்னும் தாளிலும் தங்கும்; பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளும், நம் மலைக்குத் தேன் தரும் தேனீக்களும் மடியும்.

3. எலி: அகன்ற வரப்பும் புதரும் எலிக்கு வீடு. வரப்பைச் செதுக்கி ஒடுக்கமாக்கி, வளைகளை வெட்டிப் பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் வெட்டினால் எலி அடுத்த காட்டுக்குப் போய்த் திரும்பிவரும். அண்டைக் காட்டார் எல்லோரும் ஒரே நாளில் செய்தால்தான் பலன்.

4. விதையும் அறுப்பும்: கதிர் ஒரே சீராக முற்றும் ஒரு பகுதியை இப்போதே விதைக்கென ஒதுக்கி, கலப்புச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். பக்கத் தூர்க் கதிர் விதைக்கு வேண்டாம். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தல் ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2019-ஆம் ஆண்டில் வெளியான ஏ.டி.எல். 1 ரகத்தை விதைத்தவர்கள், அதைப் பழைய சாமையோடு ஒரே களத்தில் அடிக்கலாகாது. கதிர் முற்றி மஞ்சளித்ததும் அறுத்துவிடுங்கள். தாமதித்தால் மணி உதிரும், ஐப்பசி மழையில் பயிர் சாயும்.

5. சேமிப்பு: பல்லில் கடித்தால் "கடுக்" என்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, மூட்டையைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். உமியோடிருக்கும் சாமையைப் பூச்சி எளிதில் தொடாது. குத்திய அரிசி விரைவில் கெடும். ஆதலால் வேண்டும்போது மட்டும் குத்துங்கள்.

இவற்றுள் சில வேலைகள் தனி ஆளால் ஆகாதவை. பூச்சிக்கும் எலிக்கும் பட்டா எல்லை தெரியாது. எலி வெட்டும் நாளையும், அடுத்த விதைப்பு வாரத்தையும் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கூடி முடிவு செய்தல் அவசியம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின் சாமையின் பெயர் நகரங்களிலும் பரவியிருக்கிறது. கல்லும் பதரும் கலவாத தானியத்தை ஒன்றாய்ச் சேர்த்து விற்றால் பேரம் நம் கையில் இருக்கும்.

கூட்டத்தில் கேட்டு விடை காண வேண்டியவை:
(அ) நமது ஊரில் எந்த வாரம் விதைத்த காட்டில் குருத்துச் சேதம் குறைவு?
(ஆ) எலி வெட்டும் நாள் எது?
(இ) விதைக்கென ஒதுக்கிய அங்கத்தினர் எத்தனை பேர்? ஒதுக்காதவருக்கு விதை கொடுப்பவர் யார்?